பழைய இராணுவ டிரக்கை அசல் பாகங்களோடு மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவ டிரக் ஒன்றை வாங்கி, அதை அந்தக் காலத்து நிலைக்கே கொண்டுவர விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகளில் பல ஜிஎம்சி சிசிகேடபிள்யூ என்னும் அமெரிக்க இரண்டரை டன் வண்டியைப் பற்றியவை. 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட அந்த ஆறு சக்கர இயக்க வண்டியைப் பற்றி ஆவணங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் இங்கே சொல்லப்படும் முறை பெட்ஃபோர்டு, டாட்ஜ், ஓப்பல், கனடிய இராணுவ மாதிரி டிரக்குகள் ஆகிய அனைத்துக்கும் பொருந்தும்.

ஒரு டிரக் 'அசல் நிலையில்' இருக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது?

தேதியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பாகங்கள் எல்லாம் போர்க் காலத்தில் செய்யப்பட்டவை என்பது மட்டும் போதாது. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் இருந்திருக்கக் கூடியவையா என்பதே கேள்வி. சிசிகேடபிள்யூவையே எடுத்துக்கொண்டால், தொடக்க கால வண்டிகளுக்கு மூடிய இரும்பு கேபினும் இரும்புத் தொட்டியும் (பின்னால் சரக்கு ஏற்றும் பகுதி) இருந்தன. பிறகு எஃகைச் சேமிப்பதற்காக மரத் தொட்டி வந்தது. அதன்பின் துணிக்கூரை போட்ட திறந்த கேபின் வந்தது. மரமும் இரும்பும் கலந்த தொட்டியும் வந்தது. 1942-ஆம் ஆண்டின் மூடிய கேபினுக்குப் பின்னால் போரின் கடைசிக் காலத்துக் கலப்புத் தொட்டியைப் பொருத்தினால், இரண்டும் அசல் பாகங்களாக இருந்தும் அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து ஒரு நாளும் அப்படி வெளிவந்ததில்லை. ஜெர்மானிய வண்டிகளிலும் இதே நிலைதான்: ஓப்பல் பிளிட்ஸின் வழக்கமான இரும்பு கேபினுக்கும், அதே வண்டியை 1944-இல் மான்ஹைமில் டெய்ம்லர்-பென்ஸ் தயாரித்தபோது பொருத்திய எளிய மரச்சட்ட கேபினுக்கும் போர்க் காலத் தட்டுப்பாடே வேறுபாட்டை உண்டாக்கியது.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே வண்டி எந்த ஆண்டின், முடிந்தால் எந்த மாதத்தின் நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள், ஒரு படைப்பிரிவில் பணியாற்றிய காலம், போருக்குப் பின் இன்னொரு நாட்டு இராணுவம் பழுதுபார்த்துப் பயன்படுத்திய காலம் ஆகிய மூன்றுமே நியாயமான தேர்வுகள்தாம். வண்டியிலேயே எந்தக் காலத்துக்குச் சான்று மிகுதியாக எஞ்சியிருக்கிறதோ அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. போருக்குப் பின் ஐரோப்பியப் படைகளில் பல ஆண்டுகள் ஓடிய வண்டியின் டேஷ்போர்டில் மறுசீரமைப்புத் தகடு ஒன்று இருந்தால் அதுவும் அந்த வண்டியின் வரலாறுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வண்டி கால் வைத்திராத நார்மண்டிக் கடற்கரையின் அடையாளங்களை எழுதுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பிரிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

படம் எடுக்க வேண்டும், அளக்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களே பிற்பாடு பயன்படும். ஒவ்வொரு வயரும் எந்தக் கிளிப்பின் வழியாக எந்தத் துளைக்குள் நுழைகிறது, எந்த நட்டுக்கு அடியில் எந்த வாஷர் இருந்தது, பிரேக் குழாய் சேஸிஸின் எந்தப் பக்கமாக வளைந்து செல்கிறது என்பவையெல்லாம் ஒருமுறை கழற்றிய பிறகு கையேட்டிலிருந்து தெரியவராது.

காலியாக இருக்கும் துளைகளைத் தனியாகக் கவனியுங்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் இருக்கும் நான்கு சிறு துளைகள், என்றோ கழற்றப்பட்ட ஒரு தாங்கியின் இடத்தைக் காட்டுபவையாக இருக்கலாம். அங்கே என்ன இருந்தது என்று தெரியும் வரை எந்தத் துளையையும் வெல்டிங் வைத்தோ பட்டி பூசியோ அடைக்கக் கூடாது. மட்கிப்போன மரச் சட்டம், கிழிந்த தார்ப்பாய்த் துண்டு, அறுந்த தோல்வார் எதையும் வேலை முழுவதும் முடியும் வரை எறியாதீர்கள். புதிதாகச் செய்ய வேண்டியவற்றுக்கு அவைதாம் அச்சு.

எந்தக் கையேடுகள் தேவை?

இயக்கக் கையேடு ஒன்றும் பாகப் பட்டியல் ஒன்றும் இன்றியமையாதவை. சிசிகேடபிள்யூவுக்கு முதலாவது டிஎம் (அமெரிக்க இராணுவத் தொழில்நுட்பக் கையேடு) 9-801; பாகப் பட்டியல் ஜி-508 என்ற வரிசையில் வரும். டாட்ஜ் முக்கால் டன் வண்டிகளுக்கு அது ஜி-502, ஜீப்புக்கு ஜி-503. பாகப் பட்டியலையே நான் அதிகமாக மதிக்கிறேன். ஏனெனில் எந்தத் தொடர் எண் வரை ஒரு பாகம் பயன்படுத்தப்பட்டது, எந்த எண்ணிலிருந்து மாற்றுப் பாகம் வந்தது என்பதை அதிலிருந்துதான் அறிய முடிகிறது. அதே கையேட்டுக்குப் பல பதிப்புகள் இருக்கும். உங்கள் வண்டியின் தேதிக்கு நெருக்கமான பதிப்பைத் தேடிப் பெறுங்கள்.

பழைய பெயின்டுக்கு அடியில் இருக்கும் பதிவு எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். இந்த வேலையிலேயே மனத்துக்கு மிகுந்த நிறைவு தரும் பகுதி இதுதான். பழைய பெயின்டையும் துருவையும் நீக்கும் மணல் வீச்சுக்கு அனுப்புவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். அனுப்பிய பின் அந்தத் தகவல் என்றென்றைக்கும் போய்விடும்.

அமெரிக்க வண்டிகளில் பானட்டின் இரு பக்கங்களிலும் எண் எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவிவிட்டு, 400 அல்லது 600 எண் கொண்ட உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கையகல இடத்தில் மட்டும் மிக மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். மேலே உள்ள பச்சை பால்போலக் கரைந்து வழியும். அதை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துப் பாருங்கள். அடுக்குகளின் விளிம்புகள் நிலப்படத்தின் உயரக்கோடுகள் போல ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியத் தொடங்கும். வெள்ளையோ மங்கிய நீலமோ தட்டுப்பட்டவுடன் அழுத்தத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நகருங்கள். ஸ்டென்சிலால் எழுதிய எழுத்தில் கோடுகள் இடையிடையே அறுபட்டிருக்கும். கையால் எழுதியதில் தூரிகையின் தடம் இருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஏனெனில் கீழே உள்ளதைப் பார்க்க வேண்டுமானால் மேலே உள்ளதை இழந்தாக வேண்டும்.

கிடைக்கும் எண்ணைச் சரிபார்க்கவும் வழியுண்டு. அமெரிக்கத் தரைப்படையின் முறைப்படி இரண்டரை டன் டிரக்கின் எண் 4-இல் தொடங்கும். ஜீப்பின் எண் 20-இல் தொடங்கும். எண்ணுக்குப் பின் வரும் 'எஸ்' என்ற எழுத்து, வானொலிக்கு இடையூறு வராதபடி அந்த வண்டியின் மின்னமைப்பு அடக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும். தொடக்கத்தில் இந்த எண்கள் மங்கிய நீலத்தில் எழுதப்பட்டன. பிறகு வெள்ளைக்கு மாறின.

எந்த நிறத்தைப் பூசுவது?

நாடும் ஆண்டும் தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அமெரிக்க வண்டிகளுக்குப் பளபளப்பில்லாத ஆலிவ் பச்சை. போருக்குப் பிந்தைய காலத்தில் ஓரளவு பளபளப்புள்ள பச்சை வந்ததால், இன்று பழைய வண்டிகளின் மேலடுக்கில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. அதைப் பார்த்து நிறம் கலக்கக் கூடாது. பிரிட்டிஷ் வண்டிகளில் காக்கிப் பச்சைக்குப் பிறகு, பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், எஸ்சிசி 2 (எஸ்சிசி என்பது பிரிட்டிஷ் நிறப் பட்டியல்) என்ற பழுப்பு வந்தது. 1944-இல் எஸ்சிசி 15 என்ற ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். ஜெர்மானிய வண்டிகளுக்கு 1943 பிப்ரவரி வரை ஆர்ஏஎல் என்ற ஜெர்மானிய நிறப் பட்டியலின் 7021 எண் கருஞ்சாம்பல்; அதன்பின் அடர்மஞ்சள்.

கடையில் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாமல், வெயில் படாத இடத்திலிருந்து மாதிரி எடுங்கள். கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம், டேஷ்போர்டுக்குப் பின்புறம், ஒரு தாங்கிக்கும் அது பொருந்தியிருந்த தகட்டுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவை நம்பத் தகுந்தவை. அங்கும் எண்ணெய் ஊறி நிறம் சற்றுக் கறுத்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

நட்சத்திரமும் மற்ற அடையாளங்களும் எப்படி இருக்க வேண்டும்?

அமெரிக்க வண்டிகளுக்கு ஏஆர் 850-5 என்ற இராணுவ விதித்தொகுப்பு இருக்கிறது. வெள்ளை நட்சத்திரம் 1942-இல் பரவலாயிற்று. நட்சத்திரத்தைச் சுற்றிய வட்டம் 1943-இன் சிசிலிப் படையெடுப்போடும் 1944-இன் நார்மண்டிப் படையெடுப்போடும் தொடர்புடையது. பம்பரில் இடமிருந்து வலமாகப் படை அல்லது டிவிஷன், ரெஜிமென்ட், கம்பெனி, அந்தக் கம்பெனியில் வண்டியின் வரிசை எண் ஆகியவை வரும். வண்டியின் சொந்த வரலாறு தெரியாதபோது, பதிவு எண்ணையும் நட்சத்திரத்தையும் மட்டும் எழுதிவிட்டுப் பம்பரை வெறுமையாக விடுவதே நேர்மையானது. புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைக் கடன் வாங்க வேண்டிய தேவையில்லை.

டேஷ்போர்டுத் தகடுகளைப் புதிதாக வாங்கிப் பொருத்தலாமா?

கியர் மாற்றும் வரைபடம், ஒவ்வொரு கியருக்கும் உரிய உச்ச வேகம் போன்ற அறிவுறுத்தல்களைக் கொண்ட தகடுகளுக்கு நகல் பொருத்துவதில் தவறில்லை. தொடர் எண்ணும் இராணுவத்திடம் ஒப்படைத்த நாளும் பொறிக்கப்பட்ட அடையாளத் தகட்டின் நிலை வேறு. அது இருந்தால் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நகலில் சேஸிஸில் பொறித்துள்ள எண்ணை மட்டும் பொறியுங்கள். வேறு வண்டியின் தகட்டை வாங்கிப் பொருத்துவது பல நாடுகளில் குற்றமும் ஆகும். பித்தளைத் தட்டுப்பாட்டால் போரின் பிற்பகுதியில் துத்தநாகத் தகடுகள் பயன்பட்டன. ஆகவே 1944-ஆம் ஆண்டு வண்டியில் பளபளக்கும் பித்தளைத் தகட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

போல்ட், நட், ஸ்க்ரூ வரைக்குமா அசல் பார்க்க வேண்டும்?

கட்டாயம் பார்க்க வேண்டும். அசலான வண்டிக்கும் அசல் போலத் தோன்றும் வண்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு முதலில் இங்கேதான் கண்ணில் படும். மஞ்சள் பூச்சு மின்னும் இன்றைய போல்ட் ஒன்று, மற்றபடி குறையில்லாத மட்கார்டைக் கெடுத்துவிடும். அந்தக் காலத்து போல்ட்டுகளின் தலையில் தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட்டுகளிலும் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. துருவைத் தடுக்கப் பூசும் காட்மியத்தைச் சேமிக்க வேண்டியிருந்ததால், பல இடங்களில் பாஸ்பேட் பூச்சோ வெறும் பெயின்டோதான் இருந்தது.

நல்ல நிலையில் உள்ள பழைய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே பையில் கட்டி, சுத்தம் செய்து, பாஸ்பேட் பூச்சு ஏற்றி, திரும்ப அதே இடத்தில் பொருத்துங்கள். பிரேக், ஸ்டியரிங், சக்கரம் ஆகிய மூன்றிலும் மட்டும் தேய்மானத்தையும் விரிசலையும் சோதித்த பிறகே பழையவற்றைப் பயன்படுத்த வேண்டும். பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பிஎஸ்எஃப் என்ற பழைய பிரிட்டிஷ் தர அளவு மரைகள் வரக்கூடும். அவற்றின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. கையால் திருகும்போது முதல் இரண்டு சுற்று ஏறுவதுபோல் தோன்றினாலும், ஸ்பேனரால் இறுக்கினால் மரை அழிந்துவிடும். சேஸிஸின் ரிவெட்டுகளுக்குப் பதிலாக போல்ட் போடுவது பலரும் செய்வதுதான். ஆனாலும் சூடான ரிவெட் அடிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது வீண் உழைப்பு ஆகாது.

6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். 6 வோல்ட்டில் எஞ்சின் சரியாகக் கிளம்பவில்லை என்று சொல்லப்படும் வண்டிகளில் பெரும்பாலும் குறை கேபிளில்தான் இருக்கும். அதே திறனுக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்னோட்டம் பாய வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். கனமான கேபிள் போட்டு, எர்த் இணைப்புகளில் பெயின்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் பொருத்தி, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் செப்பனிட்டால் குளிர் காலத்திலும் எஞ்சின் கிளம்பும். வயர்கள் பருத்திநூல் பின்னிய உறையும் நிறக்கோடும் கொண்டவையாக இருக்க வேண்டும். உள்ளே நவீன பிளாஸ்டிக் காப்பு, வெளியே பருத்தி உறை என்று செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். தோற்றம், பாதுகாப்பு இரண்டுக்கும் அதுவே சிறந்த வழி.

இருட்டடிப்பு விளக்குகள் வேலை செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். எதிரியின் கண்ணில் படாமல் இரவில் ஓட்டுவதற்கான இந்த மங்கிய விளக்குகளின் அமைப்பே அழகான பொறியியல். அமெரிக்க வண்டிகளின் பின்புற இருட்டடிப்பு விளக்கில் சிறு திறப்புகள் இணை இணையாக இருக்கும். பின்னால் வரும் ஓட்டுநருக்கு 60 அடிக்குள் நெருங்கினால் அவை நான்கு புள்ளிகளாகத் தெரியும். 60 முதல் 180 அடி வரை இரண்டு புள்ளிகளாகத் தெரியும். அதற்கும் அப்பால் ஒன்றாகிவிடும். இரண்டு புள்ளிகள் தெரியும்படி ஓட்டிச் சென்றால் அணிவகுப்பின் இடைவெளி சரியாக இருக்கும். உடைந்த உறையை ஏதோ ஒரு சிவப்புக் கண்ணாடியால் மூடிவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிறது. ஆகவே திறப்புகளின் அளவும் இடைவெளியும் மாறாத அசல் உறுப்பையே தேடுங்கள்.

டயர், ரிம் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

சிசிகேடபிள்யூவுக்கு 7.50-20 அளவுள்ள, எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரே மாதிரி இருக்கும் இராணுவத் தடவரிகள் கொண்ட டயர். அதே தோற்றத்தில் புதிய டயர்கள் இன்றும் தயாராகின்றன. எண்பது ஆண்டுப் பழைய டயரை அசல் என்பதற்காகச் சாலையில் ஓட்டக் கூடாது; அதைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டயரைத் தனி இரும்பு வளையம் பிடித்து வைக்கும் ரிம்கள் உயிரைக் குடிக்கக் கூடியவை; காற்றழுத்தத்தில் அந்த வளையம் தெறித்துவிடலாம். எந்த நட்டைத் தொடும் முன்பும் வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்றை முழுவதுமாக வெளியேற்றுங்கள். துருவால் அரிக்கப்பட்ட அல்லது வளைந்த பூட்டு வளையத்தைத் தட்டிச் சரிசெய்யாமல் ஒதுக்கிவிடுங்கள். காற்றடிக்கும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் நீண்ட குழாயைப் பிடித்தபடி பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை.

பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் புதிய பொருட்களைப் பயன்படுத்தலாமா?

கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பயன்படுத்தலாம். சில இடங்களில் பயன்படுத்தியே ஆக வேண்டும். வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள் புதியவையாக இருக்க வேண்டும். நீண்ட காலம் நிற்கும் வண்டிக்கு, ஈரத்தை உறிஞ்சாத டாட் 5 சிலிக்கோன் பிரேக் எண்ணெய் ஏற்றது. ஆனால் அதை வழக்கமான கிளைக்கால் (glycol) பிரேக் எண்ணெயோடு கலக்கக் கூடாது. குழாய்களையும் சிலிண்டர்களையும் முழுவதும் சுத்தப்படுத்திய பிறகே ஊற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய பம்ப்பின் சவ்வையும் கார்பரேட்டரின் தக்கை மிதவைமேல் உள்ள பூச்சையும் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் சவ்வைப் போடுங்கள். பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள கியர்பாக்ஸில் கந்தகச் சேர்மங்கள் மிகுந்த நவீன எண்ணெய்கள் அரிப்பை உண்டாக்கலாம் என்பதால் எண்ணெயின் தரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மரத் தொட்டியும் தார்ப்பாயும்?

மரம் கடின மரமாக, அசல் பலகையின் கனத்திலேயே இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு பலகையின் எல்லாப் பக்கங்களுக்கும், துளைகளின் உட்புறத்துக்கும் பெயின்ட் பூசிவிட வேண்டும். தார்ப்பாய் பருத்திக் கான்வாஸாக இருக்கட்டும். போரின் தொடக்கத்தில் அதன் நிறம் காக்கியை ஒட்டிய ஆலிவ் 3. பிற்பகுதியில் பச்சை மிகுந்த ஆலிவ் 7. பிளாஸ்டிக் பூசிய துணி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

கோடரி, மண்வெட்டி, ஜெர்ரி கேன் போன்றவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பொறிப்பைப் பார்த்து. ஜெர்ரி கேனின் வடிவம் 1937-ஐ ஒட்டி ஜெர்மனியில் பிறந்தது. ஜெர்மானியக் கேனில் நெம்பி மூடும் மூடியும், அமெரிக்க எரிபொருள் கேனில் திருகு மூடியும் இருக்கும். அமெரிக்கக் கேனைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் '20-5-43' என்பது போன்ற பொறிப்பு இருக்கும்: தகட்டின் கனம் 20 கேஜ், கொள்ளளவு 5 கேலன், ஆண்டு 1943. வண்டியின் தேதிக்குப் பிந்தைய ஆண்டு பொறித்த கேனைத் தாங்கியில் வைக்காதீர்கள். கேபினுக்கு மேலுள்ள இயந்திரத் துப்பாக்கி வளையம் எல்லா டிரக்குகளிலும் இருந்ததில்லை. கூரையிலும் சேஸிஸிலும் அதற்கான துளைகள் இருந்தால் மட்டும் பொருத்துங்கள். மாதிரித் துப்பாக்கி வைப்பதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

உடல்நலத்துக்கு ஆபத்தான பொருட்கள் இருக்குமா?

இருக்கும். பிரேக் ஷூ, கிளட்ச் தட்டு, கேஸ்கட் ஆகியவற்றில் கல்நார் உண்டு. காற்றடித்து ஊதாமல் ஈரப்படுத்தித் துடையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் உண்டு. உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. இருளில் ஒளிரும் முட்களும் எண்களும் கொண்ட சில மீட்டர்களில் ரேடியம் பூசப்பட்டிருக்கும். அவற்றின் கண்ணாடியைத் திறக்காமல், அதற்குரிய பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

சாலையில் ஓட்டுவதற்காகத் திருப்ப விளக்குகளும் சீட் பெல்ட்டும் சேர்த்தால் அசல் தன்மை கெடாதா?

புதிய துளை போடாமல் சேர்த்தால் கெடாது. திருப்ப விளக்குகளை ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் தாங்கி வைத்துப் பொருத்தி, அவற்றுக்குத் தனி வயரும் தனி ஃபியூஸும் கொடுத்தால், காட்சிக்கு நிறுத்தும்போது கழற்றிவிடலாம். சீட் பெல்ட்டைச் சட்டம் கேட்டால், அதன் பிடிப்பிடத்தைச் சேஸிஸின் வலுவான குறுக்குச் சட்டத்தில் அமையுங்கள். கேபினின் மெல்லிய தகடு அந்த இழுப்பைத் தாங்காது. தீயணைப்பானை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். சேர்த்தவை, மாற்றியவை, நகலாகப் பொருத்தியவை எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி, கழற்றிய அசல் பாகங்களில் சீட்டுக் கட்டி ஒரே பெட்டியில் போட்டு வண்டியோடு வைத்திருங்கள். வண்டி கைமாறினால் அந்தப் பெட்டியும் குறிப்பேடும் அதனோடு போக வேண்டும்.